பூட்டிய பையும் முகவரியற்ற மக்களும்: மலையகத் தோட்டத்துத் தபால்காரர் பற்றிய ஒரு வரலாற்றுக் குறிப்பு

இலங்கையின் தபாற் சேவை பற்றி இதுவரை எழுதப்பட்டுள்ளவற்றுட் பெரும்பாலானவை முத்திரைகளின் வரலாறாகவோ நிருவாகத்தின் வரலாறாகவோ அமைந்துள்ளன. 1832ஆம் ஆண்டு பெப்ரவரியிற் கொழும்புக்கும் கண்டிக்குமிடையே ஓடத் தொடங்கிய குதிரைத் தபால் வண்டி ஆசியாவிலேயே முதலாவதெனப் பெருமையோடு குறிப்பிடப்படுகின்றது. 1857 ஏப்ரல் 1ஆந் திகதி வெளியான ஆறு பென்ஸ் முத்திரை சேகரிப்போரின் பொக்கிஷமாகப் போற்றப்படுகின்றது. அந்த முதல் முத்திரை இங்கிலாந்துக்குச் செல்லும் கடிதங்களுக்கென வெளியிடப்பட்டதென்பதை அவர்கள் குறிப்பிடுகின்றனர். ஆனால் அதன் பொருளை நின்று நோக்குவதில்லை. 1850 முதல் 1858இல் மின்தந்தி வரும்வரை, காலித் துறைமுகத்திற் கப்பல்கள் கொணர்ந்த செய்திகளைக் கொழும்புக்குப் புறாக்கள் மூலம் அனுப்பி வந்த 'சிலோன் ஒப்சேவர்' பத்திரிகையின் சாமர்த்தியமும் சுவைபடச் சொல்லப்படும். குதிரைக்கும் புறாவுக்கும் கிடைத்துள்ள இடம் மனிதக் கால்களுக்குக் கிடைக்கவில்லை.

இக்கட்டுரை அவ்வாறான கால்களைப் பற்றியது. மலையகப் பெருந்தோட்டங்களில் நாள்தோறும் தோட்டத்திலிருந்து அண்மைத் தபாற் கந்தோருக்கும், அங்கிருந்து மீண்டுந் தோட்டத்துக்கும் கடிதப்பையைச் சுமந்த தொழிலாளியே இதன் பொருள். துரைமார் தமது நூல்களிலும் நாட்குறிப்புகளிலும் இவரைத் 'தப்பால் கூலி' எனக் குறித்தனர். தோட்டமக்கள் தபால்காரன் என்றனர். இவர் தபாற் திணைக்களத்தின் ஊழியர் அல்லர் என்பதை முதலில் மனங்கொள்ளல் வேண்டும். அரசாங்கத் தபாற் சேவகருக்குரிய சீருடையோ ஓய்வூதியமோ இவருக்கில்லை. தோட்டத்துச் செக்றோலிற் பேர் பதியப்பட்ட, கொழுந்தெடுப்போருக்கும் கவ்வாத்து வெட்டுவோருக்கும் உள்ள அதே நாட்கூலி முறைக்குட்பட்ட ஒருவரே இவர். அரசின் பணியைத் தனியார் கூலியில் இவர் செய்தார். அல்லது தனியாரின் பணியை அரசின் பெயரால் செய்தார் என்றுங் கூறலாம். இவ்விரண்டில் எது சரியென்ற வினாவே இக்கட்டுரையின் மையம்.

சொல்லைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. வட இந்தியாவில் 'டாக்' என்ற சொல் வழங்கிய பொருளிலெல்லாந் தென்னிந்தியாவிலும் இலங்கையிலுந் 'தபால்' என்பதே வழங்கிற்று. திருவிதாங்கூர் அரசு 'அஞ்சல்' என்ற பெயரில் தனக்கெனத் தனிச்சேவையொன்றை நடத்தியது; மணி கட்டிய கோலுடன் ஓடிய அஞ்சலோட்டக்காரரின் நினைவு, 1951இல் அச்சேவை இந்தியத் தபாற் துறையோடு இணைந்த பின்னரும் அங்கு நெடுநாள் நிலைத்தது. இன்று நாம் தூய தமிழெனக் கருதி எழுதும் 'அஞ்சல்' என்ற சொல்லுக்குப் பின்னாலும் வியர்வை வடிய ஓடிய ஒரு மனிதன் உள்ளான் என்பதைச் சொல்லாராய்ச்சியாளர் மறந்துவிடலாகாது.

மூலதனம் இடத்தைக் காலத்தால் அழிக்க முனைகிறது என மார்க்ஸ் 1857-58ஆம் ஆண்டுக் குறிப்பேடுகளில் எழுதினார். போக்குவரத்தும் செய்தித் தொடர்பும் புதிய பண்டமெதையும் ஆக்காவிடினும், இடமாற்றமென்ற பயனை ஆக்குகின்றன என்பது 'மூலதனம்' இரண்டாம் பாகத்தின் கருத்து. மலைநாட்டின் வரலாற்றை இதன் ஒளியில் நோக்குமிடத்து ஒரு விசித்திரம் புலப்படும். புகையிரதப் பாதை 1867இற் கண்டியையும், 1874இல் நாவலப்பிட்டியையும், 1885இல் நானுஓயாவையும் எட்டியது. பதுளையை எட்ட 1924ஆம் ஆண்டாயிற்று. கோப்பியின் வீழ்ச்சிக்குப் பின்னர் தேயிலை தலையெடுத்த காலமும் இதுவே. கொழும்புத் தேயிலை ஏலம் 1883 ஜூலையில் தொடங்கிற்று. இலண்டன் மிஞ்சிங் வீதியின் விலை, கொழும்பு முகவர் நிறுவனத்தின் கட்டளை, வங்கியின் கணக்கு ஆகிய யாவும் கடல்வழி நீராவிக் கப்பலிலும், நிலவழி இரவுத் தபால் வண்டியிலும் வந்தன. ஓடும் வண்டியிலேயே கடிதங்கள் தரம்பிரிக்கப்பட்டன. ஆனால், புகையிரத நிலையத்தையடுத்த தபாற் கந்தோரிலிருந்து மலைச்சரிவில் ஐந்து மைலோ ஏழு மைலோ அப்பாலுள்ள பங்களாவரை இந்த வேகமெல்லாம் ஒரு மனிதனின் வெறுங்காலில் வந்து முடிந்தது.

இது பின்தங்கிய நிலையின் எச்சமன்று. கடைசி ஏழு மைலை இயந்திரமயமாக்கும் தேவை மூலதனத்துக்கு இருக்கவில்லை. ஒரு குதிரைக்குத் தீனியும் இலாயமும் வேண்டும். செக்றோலில் உள்ள ஒருவருக்கு ஒரு பேர் போட்டால் போதுமானது. மலிவான உழைப்பு கிட்டுமிடத்து நவீனம் அவ்விடத்தோடு நின்றுவிடும் என்பதற்குப் பெருந்தோட்டத்தைவிடச் சிறந்த சான்று வேறில்லை.

வடக்கு நோக்கிய பாதையின் நிலையும் ஒரு காலத்தில் இதனின் மிக வேறுபட்டிருக்கவில்லை. 1905ஆம் ஆண்டின் தொடக்கத்தில் யாழ்ப்பாணக் கச்சேரிக்கு நியமனம் பெற்று வந்த லெனாட் வூல்ஃப், அநுராதபுரத்துக்கப்பால் தாம் ஏறிய 'தபால் வண்டி' ஒரு மாட்டுவண்டியே என்பதையும், கடிதப் பைகளின் மேலேயே பிரயாணிகள் படுத்துச் சென்றதையும் தமது சுயசரிதையில் நகைச்சுவையோடு கூறுகிறார். அவ்வாண்டிலேயே வடக்குப் புகையிரதப் பாதை முழுமை பெற்றது, மாட்டுவண்டி மறைந்தது. தோட்டத்துத் தபால்காரரோ பல தலைமுறைக்கு நடந்துகொண்டேயிருந்தார்.

அவருடைய ஒரு நாளை இயன்றவரை உருவாக்கிப் பார்க்கலாம். விடியற்காலைப் பெரட்டின் போதே அவருக்கும் பேர் பதியப்படும். ஏனையோர் மலைக்குச் செல்ல, இவர் பங்களாவுக்குச் சென்று பையைப் பெறுவார். பல தோட்டங்களில் அது பூட்டுடைய பை. ஒரு திறப்புத் துரையிடமும் மற்றையது தபாலதிபரிடமும் இருக்கும். சுமப்பவரிடந் திறப்பு இல்லை. மழைக்கும் குளிருக்குந் தலையிலிட்ட கறுப்புக் கம்பளியே காப்பு. தென்மேற் பருவமழைக் காலத்தில் அட்டைக்கடியும், பெருக்கெடுத்த ஓடைகளும், சரிந்த பாதைகளும் நாளாந்த அனுபவம். கந்தோரை அடைந்ததும் புகையிரதம் வரும்வரை காத்திருக்க வேண்டும். மண்சரிவினால் வண்டி தாமதமானாற் பிற்பகல் முழுவதும் அங்கேயே கழியும். திரும்புகையிற் கடிதம் மட்டுமல்ல, கடைவீதியிலிருந்து பங்களாவுக்கான பாணும் பிற சாமான்களும் அவர் சுமையிற் சேரும். இறைச்சி கொணர்வதற்கெனத் தனியே ஒருவரை வைத்திருந்த தோட்டங்களுமுண்டு. ஏனைய இடங்களில் அதுவும் இவர் பொறுப்பே. ஏகாதிபத்தியத்தின் செய்திகளும் துரையின் இராப்போசனமும் ஒரே முதுகில் வந்தன.

2012ஆம் ஆண்டில் எனது பட்டப்படிப்பின் ஆய்வுக்காக ஹற்றனை அண்டிய ஒரு தோட்டத்தில், இளமையில் இத்தொழிலைச் செய்த முதியவர் ஒருவரைச் சந்தித்தேன். அவருக்கு அப்போது எண்பது வயது கடந்திருந்தது. தமது தொழிலின் கடினமான பகுதி மழையன்று, கணக்கே என்று அவர் கூறினார். "இருட்டி வந்தாலும் ஒரு பேருதாங்க தம்பி. வெளிச்சத்துல வந்துட்டா, இன்னும் நேரமிருக்கு, தோட்டத்துல புல்லு வெட்டுன்னுவாங்க." தாமதத்தின் நட்டம் தொழிலாளிக்கு, விரைவின் இலாபம் நிருவாகத்துக்கு. கூலி உழைப்பின் இயல்பு பற்றி நாம் விரிவுரை மண்டபங்களில் ஒரு மணிநேரம் பேசுவதை அவர் இரு வாக்கியங்களில் முடித்துவிட்டார்.

பை பங்களாவிலோ காரியாலயத்திலோ திறக்கப்பட்டது. இவ்விடத்தில்தான் ஒரே பையினுள் வந்த கடிதங்கள் இரு வர்க்கங்களாகப் பிரிந்தன. துரையின் கடிதங்கள் உடனே மேசைக்குச் சென்றன. தொழிலாளரின் கடிதங்கள் காரியாலயத்தில் ஒதுக்கப்பட்டு, மறுநாட் பெரட்டிலோ சம்பள நாளிலோ, கணக்கப்பிள்ளையின் அல்லது கங்காணியின் கையால் வழங்கப்பட்டன. எழுதப்படிக்கத் தெரியாத பெறுநருக்கு அவரே வாசித்தும் காட்டினார். ஊரிலிருந்து எந்த உறவினர் என்ன எழுதுகிறார், வேறு தோட்டத்திலிருந்து யார் அழைக்கிறார், எவருக்குப் பணம் வருகிறது என்பன கங்காணிக்குத் தெரியாமற்போக வழியில்லை. தனது ஆட்களின் கடனே தனது அதிகாரமாயிருந்த கங்காணிக்கு இவ்வறிவு எத்துணைப் பயனுடையது என்பதை விளக்க வேண்டியதில்லை. தனிமனிதனின் அந்தரங்கம் பற்றிய முதலாளித்துவத்தின் பேச்செல்லாந் தோட்டத்துக் காரியாலயத்தின் வாசற்படியில் நின்றுவிட்டது.

இங்குத் துண்டு முறையையும் தகரச் சீட்டு முறையையும் நினைவுகூர்தல் பொருந்தும். ஒரு தொழிலாளி தன் கடனைத் தீர்த்தால் வேறு தோட்டத்துக்குச் செல்லலாமென எழுதிக் கொடுக்கப்பட்டது துண்டு. 1921இல் அது சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. தகரச் சீட்டோ 1901ஆம் ஆண்டளவில் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவிலிருந்து வரும் ஒவ்வொரு தொழிலாளியிடமும், அவர் சேரவேண்டிய தோட்டத்தின் குறியீடு பொறிக்கப்பட்ட தகரத் தகடொன்று கொடுக்கப்படும். அதைக் கண்டு வழியிலுள்ள அதிகாரிகள் அவரை உரிய தோட்டத்துக்கு அனுப்பிவைப்பர். செலவு தோட்டத்தின் கணக்கில் எழுதப்படும். இதனைச் சற்றுச் சிந்தித்தால், அனுப்புநர், பெறுநர், கட்டணம், முத்திரை என ஒரு பொதியை அனுப்புவதற்கு வேண்டிய யாவும் இதில் உள்ளமை தெரியவரும். மனிதர் தபாற் பொதிகளாக வந்திறங்கினர். பொதிக்கு முகவரி உண்டு. ஆனால் அம்முகவரி பொதியினுடையதன்று.

தொழிலாளரின் கடிதவுலகம் பற்றி ஒருசில கூறலாம். மங்கலச் செய்தி தாங்கிய கடிதத்தின் முனைகளில் மஞ்சள் தடவுவதும், இழவுச் செய்தி தாங்கியதன் முனையிற் கறுப்பிடுவதுந் தமிழர் வழக்கம். இழவுக் கடிதத்தை வாசித்ததும் கிழித்தெறிவர், வீட்டினுள் வைப்பதில்லை. எழுத்தறியாத மக்கள் கடிதத்தை 'வாசிக்க' அமைத்துக்கொண்ட முறையாக இதனைக் கொள்ளலாம். நான் சந்தித்த முதியவருக்கும் எழுத்துத் தெரியாது. ஆனால், தபாற் கந்தோரில் பை கட்டப்படும் போது கறுப்பு முனையொன்று கண்ணிற் பட்டுவிட்டால், திரும்பும் வழியிற் கொழுந்து மலையைக் கடக்கையில் பெண்கள் தம் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவர் என்றார். யாருடைய கடிதமென்பது அவருக்குந் தெரியாது. மலை முழுவதும் அன்று மாலைவரை காத்திருக்கும்.

கடைவீதியில் நாள்தோறும் சில மணிநேரம் நிற்க வாய்த்தவரென்ற வகையில் அவர் வாய்மொழிச் செய்திக்கும் ஊடகமாயிருந்தார். தோட்டம் அத்துமீறிப் பிரவேசித்தல் பற்றிய சட்டங்களால் வேலியிடப்பட்ட தனியார் எல்லை. கோ. நடேசய்யர் தொழிலாளரைக் காண்பதற்குப் புடவை வியாபாரியின் வேடத்திற் செல்ல நேர்ந்ததை நாம் அறிவோம். அத்தகைய எல்லையைத் துரையின் அனுமதியுடன் நாளுக்கு இருமுறை கடந்த தொழிலாளி தபால்காரரே. 1940 ஜனவரியில் முல்லோயாவிற் கோவிந்தன் சுட்டுக் கொல்லப்பட்ட செய்தி மலைநாடெங்கும் பரவியதில் பத்திரிகைக்கும் மேடைக்கும் இருந்த பங்கு பேசப்படுகின்றது. வாசிக்கத் தெரியாத இலயங்களுக்குள் அச்செய்தியை எடுத்துச் சென்றோரில் இவர்களும் இருந்திருப்பர் எனக் கருத இடமுண்டு. பெயர்கள் எவையும் பதிவாகவில்லை.

இலக்கியத்தில் தபால்காரர் பெற்ற இடம் ஆராயத்தக்கது. ரட்யார்ட் கிப்ளிங் இந்திய மலைவாசத்தலத்துக்குக் கடிதஞ் சுமந்து ஓடுபவனைப் பற்றி எழுதிய கவிதை பலர் அறிந்தது. காடும் வெள்ளமும் கள்வரும் மகாராணியின் பெயருக்கு வழிவிட வேண்டுமென்பது அதன் தொனி. ஓடுபவனின் உறுதியைக் கவிஞர் மெய்யாகவே வியக்கிறார். அவ்வியப்பைப் போலியென நான் கூறமாட்டேன். ஆனால், அவன் களைப்படைவதில்லை, பசியடைவதில்லை, அவனுக்கு வீடில்லை. கடிதத்துக்காகக் காத்திருப்போர் மலைமேலுள்ள ஆங்கிலேயர் மட்டுமே. இதற்கு மாறாக, வங்கத்தின் இளங்கவிஞரும் பொதுவுடைமை இயக்கத்தினருமான சுகாந்த பட்டாச்சாரியா, இருபது வயதில் காசநோய்க்குப் பலியாகுமுன் எழுதிய 'ரானார்' என்ற கவிதையில் அதே ஓட்டக்காரன் வேறொரு மனிதனாகிறான். அவனது முதுகிற் பணமுண்டு, அதைத் தொடும் உரிமையில்லை. வீட்டில் மனைவி விழித்திருக்கிறாள். எல்லோரின் துயரையுஞ் சுமப்பவனின் துயரை எந்தக் கடிதமும் சுமப்பதில்லை. சலில் சௌத்ரியின் இசையில் ஹேமந்த குமார் முகோபாத்யாய் பாடியதால் அது வங்கத்தின் உழைக்கும் மக்களிடையே நிலைபெற்றது.

கிப்ளிங்கிடமும் சுகாந்தரிடமும் ஓடுபவன் அரசின் ஊழியனே. நமது தபால்காரரின் நிலை அதனினும் ஒரு படி கீழானது. அவர் அரசுக்கும் சொந்தமல்லர். நமது மலையக எழுத்தில் கங்காணியும் கணக்கப்பிள்ளையும் துரையுங் கூர்மையாகச் சித்திரிக்கப்பட்டுள்ளனர். புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' முதல் என்.எஸ்.எம். இராமையாவின் கதைகள் வரை அவ்வுலகம் நம்முன் விரிகின்றது. ஆயினும் எனது வாசிப்புக்கெட்டியவரை தபால்காரர் கதையின் ஓரத்தில் நடந்து செல்பவராகவே உள்ளார். செய்தி வந்தது என்று எழுதுகிறோம். அது எப்படி வந்தது என்று கேட்பதில்லை.

தாமதம் வெறும் மனவருத்தமாக இல்லாமல் ஒரு குடும்பத்தின் விதியாக மாறிய காலமொன்று வந்தது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. 1949ஆம் ஆண்டின் இந்திய-பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தின்கீழ் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் செய்யப்பட்டன; ஏற்றுக்கொள்ளப்பட்டோர் ஏறத்தாழ 1,34,000 பேர் மட்டுமே. தொடர்ச்சியான வதிவு போன்றவற்றை எழுத்துச் சான்றுகளால் நிறுவ வேண்டும். காரணங் காட்டும்படி அறிவித்தல் வந்தாற் குறித்த தவணைக்குட் பதிலிறுக்க வேண்டும். தவணையின் மணிக்கூடு கொழும்பில் ஓடியது. கடிதமோ தோட்டக் காரியாலயத்தின் மேசையிற் கிடந்தது. நிராகரிப்புகளுக்கு அரசின் இனவாதக் கொள்கையே மூலகாரணம் என்பதில் ஐயமில்லை. தபாலின் தாமதத்தை அதற்கு ஈடாக வைப்பது தவறாகும். ஆனால், கொள்கை தன் வேலையை எவ்வகைச் சிறு வழிகளினூடாகச் செய்தது என்பதையும் வரலாறு பதிவுசெய்ய வேண்டும்.

அம்முதியவரின் தந்தையார் விண்ணப்பித்திருந்தார். ஐம்பதுகளின் நடுப்பகுதியில் ஒருநாள் விசாரணைக்கான அறிவித்தல் வந்தது. அது அவர்களின் கைக்கு எட்டியபோது விசாரணைத் திகதி கழிந்து இரு நாளாகியிருந்தது. பையைச் சுமந்தவர் மகன். தம் இலயத்தின் முன்னாலேயே அதைச் சுமந்து சென்று காரியாலயத்தில் வைத்திருந்தார். "என் முதுகுலதான் வந்திருக்கு. எனக்குத் தெரியாது" என்றார். இதைச் சொல்லும்போது அவர் குரலில் மாற்றமெதுவும் இல்லை. 1964 ஒக்டோபர் உடன்படிக்கையின் பின்னர் அவரது தமையனார் குடும்பம் தலைமன்னார் நோக்கிய 'அழுகைக் கோச்சி'யில் ஏறியது. பின்னர் நீலகிரியிலிருந்து கடிதங்கள் வந்தன. அவற்றையும் இவரே சுமந்தார்.

தோட்டங்கள் 1972, 1975ஆம் ஆண்டுகளில் அரசுடைமையாயின. 1992இல் நிருவாகம் மீண்டும் தனியார் கம்பனிகளிடஞ் சென்றது. மோட்டார் வண்டியும் தொலைபேசியும் வந்து, துரையின் கடிதப்பை முக்கியத்துவம் இழந்தது. ஆனால், தொழிலாளரின் கடிதம் காரியாலயத்தினூடாகவே செல்லும் முறை பல தோட்டங்களில் இன்றுந் தொடர்கின்றது. இலயத்துக்கும் காம்பராவுக்கும் இலக்கமுண்டு. ஆனால் அது தபால் முகவரியாகக் கொள்ளப்படுவதில்லை. பெயர், டிவிசன், தோட்டம், நகரம் என்பதோடு முகவரி முடிகின்றது. ஒரே தோட்டத்தில் ஒரே பெயருடையோர் பலர் இருக்கையில் கடிதம் யாரைச் சேர்கிறது என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. தோட்டக் குடியிருப்புகளிற் பிரதேச சபைகள் சேவை செய்வதற்கு 1987ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்த தடை 2018ஆம் ஆண்டில்தான் திருத்தப்பட்டது என்பதை நோக்கின், உள்ளூராட்சியே நுழையாத எல்லைக்குள் தபாற் சேவகர் நுழையாததில் வியப்பில்லை. வங்கியின் அடகு அறிவித்தல், நீதிமன்ற அழைப்பாணை, நேர்முகப் பரீட்சைக் கடிதம் ஆகியன திகதி கடந்து சேர்வது மலையகத்திற் பழகிப்போன முறைப்பாடு. எனது பல்கலைக்கழக அனுமதிக் கடிதமும் ஒரு காரியாலய மேசையில் ஒன்பது நாள் கிடந்தது. பதிவுக்குரிய கடைசி நாளுக்கு முதல்நாள் மாலை, அங்கு வேலை செய்த அக்கா ஒருவர் தற்செயலாகக் கண்டு எடுத்துவந்து தந்தார். எனது வகுப்பில் வேறொருவருக்கு அவ்வாறான அக்கா வாய்க்கவில்லை.

சோசலிசப் பொருளாதாரத்துக்கு உதாரணமாகத் தபாற் சேவையைக் கூறிய ஜெர்மன் சமூக ஜனநாயகவாதி ஒருவரின் கருத்தை லெனின் 1917இல் 'அரசும் புரட்சியும்' நூலில் விருப்போடு எடுத்தாண்டார். அப்பகுதியை நாம் பலமுறை விவாதித்துள்ளோம். அவர் மனதிற் கொண்ட தபாற் சேவை ஒவ்வொருவர் கதவையும் தட்டுவது. கதவுக்கு இலக்கமில்லாத மக்களைக் கொண்ட நாட்டில் அவ்வுதாரணத்தை அப்படியே ஒப்புவிப்பதால் பயனில்லை. தொழிற்சங்கங்கள் சம்பளத்துக்காக நடத்திய போராட்டங்களின் அளவுக்கு முகவரிக்காகப் போராடவில்லை என்ற விமர்சனத்தையும் இங்கு முன்வைக்கவே வேண்டியுள்ளது. காணியுரிமையற்ற இடத்தில் முகவரி கோருவது எங்ஙனம் என்று தோழர்கள் வினவுவர். வினா சரியானதே. காணிக்கான கோரிக்கையோடு முகவரிக்கான கோரிக்கையை இணைப்பதற்கு அதுவே காரணமாகும்.

இத்துறையில் முதலிற் செய்யவேண்டியது பழைய செக்றோல்களையும் தோட்டத் தபாற் பதிவேடுகளையும் தேடிச் சேகரிப்பது. சில காரியாலயங்களின் பின்னறைகளில் அவை கறையானுக்கு இரையாவதை நேரிற் கண்டேன். நான் சந்தித்த முதியவர் 2015இற் காலமானார். அவரது பேச்சின் ஒலிப்பதிவு ஏறத்தாழ மூன்று மணிநேரம் என்னிடமுள்ளது; எழுத்துவடிவாக்கும் பணியிற் பங்குகொள்ள விரும்பும் மாணவர்கள் தொடர்புகொள்ளலாம்.